டிவிக்குப் பக்கத்தில் போய் நிற்கும் குழந்தை: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

குழந்தைக்கு அப்போது 2 வயது 8 மாதம். பையன், வீட்டுக்கு ஒரே பிள்ளை. அம்மா வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார், அப்பா காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். பகல் முழுக்கப் பிள்ளை பாட்டியின் பொறுப்பு. பாட்டிக்கு முழங்கால் வலி, ஓடுகிற பிள்ளைக்குப் பின்னால் ஓட முடியாது. அந்த வீட்டில் டிவி இவ்வளவு நேரம் ஓடியதற்கு இந்த முழங்காலுக்கும் பங்கு உண்டு.

சிறு குழந்தைகள் உள்ள வீடுகளுக்குப் போய் வளர்ச்சி, பழக்கவழக்கம் தொடர்பாக ஆலோசனை சொல்வது என் வேலை. பெற்றோரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

"பையன் டிவிக்கு அடிமையாயிட்டான், அதனாலதான் பேச்சே வரல" என்றார் அப்பா. புகார் அவ்வளவுதான். அதற்கு அவர்கள் அடுக்கிய அறிகுறிகள்தான் நீளம்: கூப்பிட்டால் திரும்புவதில்லை, டிவிக்கு முன்னால் மூக்கு இடிக்கிற தூரத்தில் போய் நிற்கிறான், சத்தத்தைக் குறைத்தால் ரிமோட்டை எடுத்துவந்து கையில் திணிக்கிறான், செல்போன் காட்டாமல் ஒரு வாய் இறங்காது, தானாகச் சொல்கிற சொற்கள் இருபதுக்குள்தான் இருக்கும், ஆனால் வீடியோவில் வரும் பாட்டை மட்டும் சொல் புரியாமல் ராகத்தோடு முனகுகிறான். உறவினர் ஒருவர் அனுப்பிய வீடியோவையும் காட்டினார்கள். டிவி பார்த்தால் ஆட்டிசம் வந்துவிடும் என்று அதில் ஒருவர் மிரட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வீடியோ பயத்தை முதலில் ஓரம்கட்ட வேண்டியிருந்தது. 'மெய்நிகர் ஆட்டிசம்' என்று இணையத்தில் சுற்றும் பெயர் எந்த மருத்துவ வகைப்பாட்டிலும் கிடையாது. பையன் வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறான், காட்டிவிட்டு நம் முகத்தைப் பார்க்கிறான், காலி டப்பாவைக் காதில் வைத்து போன் பேசுவதுபோல் நடிக்கிறான். குழந்தைநல மருத்துவர் ஏற்கெனவே வளர்ச்சி மதிப்பீடு செய்து, அந்தப் பக்கம் கவலைப்பட ஒன்றுமில்லை, பேச்சை மட்டும் கவனியுங்கள் என்று சொல்லியிருந்தார். 2 வயது முடியும்போது பெரும்பாலான குழந்தைகள் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசத் தொடங்கிவிடுவார்கள், இவன் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. தாமதம் உண்மைதான். காரணம்தான் தெரியாது.

ஏற்கெனவே முயன்றது

இவர்கள் ஒன்றும் தெரியாத பெற்றோர் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலை அம்மா படித்திருந்தார்: 2 வயது ஆகும் வரை திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதற்கும் குறைவாக இருந்தால் நல்லது. படித்த சூட்டில் ஒரு திங்கட்கிழமை, "இனி ஒரு மணி நேரம்தான்" என்று அறிவித்தார்கள். புதன்கிழமைக்குள் அது கைவிடப்பட்டது. அந்த வேகத்தில், வெளியூரில் இருக்கும் அம்மாவழித் தாத்தா பாட்டியோடு தினமும் பேசிவந்த வீடியோ அழைப்பையும் அப்பா நிறுத்தியிருந்தார், அது மட்டும் திரும்பி வரவே இல்லை.

ஏன் தோற்றது என்பது எனக்குப் புதிராகத் தெரியவில்லை. 1 மணி நேரம் என்பது அளவைச் சொல்கிறது, எந்த நேரத்தைக் குறைப்பது என்று சொல்வதில்லை. அம்மா அலுவலக அழைப்பில் இருக்கும்போது பிள்ளையை யார் பார்ப்பது, சாப்பிட மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டால் என்ன செய்வது, இதற்கெல்லாம் பதில் இல்லாமல் டிவியை மட்டும் பிடுங்கினால் அந்த வேலைகள் அந்தரத்தில் தொங்கும். யாராவது ஒருவர் மூன்றாம் நாள் ரிமோட்டை எடுக்கத்தான் செய்வார்.

வீட்டில் பார்த்தது

எதையும் மாற்ற வேண்டாம், ஒரு வாரம் எழுதி மட்டும் வையுங்கள் என்றேன். எப்போது போட்டது, யார் போட்டது, எதற்காக, எப்படி நின்றது. பெற்றோர் ஆளுக்கொரு பக்கம் எழுத, பகலில் நோட்டு பாட்டியிடம் இருந்தது.

நோட்டைப் பார்த்ததும் அப்பா ஆச்சரியப்பட்டார். பையன் தனக்கென்று உட்கார்ந்து கார்ட்டூன் பார்த்த நேரம் அவர்கள் நினைத்த அளவுக்கு இல்லை, நாளுக்கு ஒன்றரை மணி நேரம் போல. செல்போன் அதைவிடக் கொஞ்சம் அதிகம், அதில் முக்கால்வாசி சாப்பாட்டு நேரம். ஆனால் ஹால் டிவி ஓடிய மொத்த நேரம் ஒரு அலுவலக நாள் அளவுக்கு இருந்தது. காலையில் செய்திக்காகப் போட்டது மதியத் தூக்கம் வரை அணைக்கப்படவே இல்லை. 'எதற்காக' என்ற இடத்தில் பாட்டி பல நாள் ஒரே பதிலைத்தான் எழுதியிருந்தார்: சும்மா.

இந்தச் 'சும்மா'வை நேரில் பார்க்கப் போயிருந்தேன். பையன் தரையில் உட்கார்ந்து பாட்டில் மூடிகளை ஒரு டப்பாவுக்குள் போட்டுக்கொண்டிருந்தான். போட்டுக் குலுக்கி, கவிழ்த்து, மறுபடி பொறுக்கி. டிவியில் யாரோ விவாதம் செய்துகொண்டிருந்தார்கள், அவன் அதைப் பார்க்கவில்லை. விளம்பரம் வந்து இசை எகிறியதும் தலை நிமிர்ந்தது. விளம்பரம் முடிந்ததும் கண் தரைக்குத் திரும்பியது, ஆனால் கை மூடிகளைத் தேடவில்லை, எழுந்து போய்விட்டான். சிறிது நேரத்தில் வேறொரு பொம்மையை எடுத்தான், அதற்கும் இதே கதி. 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று இதைத்தான் காட்டியது. 1, 2, 3 வயதுக் குழந்தைகள் விளையாடும் அறையில் பெரியவர்களுக்கான வினாடி வினா நிகழ்ச்சியை ஓடவிட்டார்கள். குழந்தைகள் ஒருசில நொடிகள் மட்டுமே நிமிர்ந்து பார்த்தார்கள், இருந்தும் அவர்கள் விளையாட்டு துண்டு துண்டானது. "அவன் பார்க்கவே இல்லையே" என்று பாட்டி சொன்னது முழு உண்மை. பார்க்காமலேயே அது வேலையைக் காட்டியது.

அடுத்தது மதியச் சாப்பாடு. செல்போனைத் தண்ணீர்ச் சொம்பின்மேல் சாய்த்து வைத்தார் பாட்டி. வீடியோ ஓடியது. கரண்டி உதட்டைத் தொட்டதும் வாய் திறந்தது, மூடியது, மென்றான், கண் ஒருமுறைகூடக் கரண்டிப் பக்கம் வரவில்லை. என்ன சாப்பிடுகிறான் என்பது அவனுக்குத் தெரியுமா என்றே எனக்குச் சந்தேகம். நடுவில் நெட் நின்று, திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. வாய் இறுக மூடிக்கொண்டது. கரண்டி உதட்டில் காத்திருந்தது. வீடியோ மறுபடி ஓடியதும் வாய் திறந்தது. பாட்டி என்னைப் பார்த்து, "பாத்தீங்களாம்மா, இது இல்லாட்டி இவன் பட்டினிதான்" என்றார். அவர் பயம் பொய்யில்லை.

'எப்படி நின்றது' என்ற இடம் முழுக்க அழுகை. அம்மா "இன்னும் ரெண்டே நிமிஷம்" என்பார், அது ஐந்தாகும், பத்தாகும், அழைப்பு முடிந்ததும் வந்து போனைப் பிடுங்குவார். இந்த வயதுக்கு 2 நிமிடம் என்றால் என்னவென்று தெரியாது, அது தண்டனை வரப்போகிறது என்ற அறிவிப்பு மட்டுமே. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் மிகச் சிறிய குழந்தைகள் உள்ள குடும்பங்களை வைத்துப் பார்த்தபோது, இந்த 2 நிமிட எச்சரிக்கை அழுகையைக் குறைக்கவில்லை, அதிகமாக்கியது என்று கண்டார்கள். நிகழ்ச்சி தானாக முடியும் இடத்தில் நிறுத்தினால் குழந்தைகள் எளிதாக விட்டுவந்தார்கள். ஆனால் இந்த வீட்டுப் போனில் தானாக முடியும் இடமே கிடையாது, ஆட்டோபிளே ஒன்று முடிவதற்குள் அடுத்ததைத் தொடங்கிவிடும்.

இதற்கிடையில் உறுத்திக்கொண்டிருந்தது வேறொன்று. டிவியை அணைக்கச் சொல்லிவிட்டு, பையன் மூடிகளோடு இருக்கும்போது பாட்டியைப் பின்னாலிருந்து சாதாரணக் குரலில் கூப்பிடச் சொன்னேன். திரும்பவில்லை. டிவி இல்லை, விளையாட்டிலும் அப்படி ஒன்றும் மூழ்கியிருக்கவில்லை. குரலை உயர்த்தியதும் உடனே திரும்பினான், சிரித்தான். அவனுக்குப் பிடித்த பந்தின் பெயரை நான் பின்னால் நின்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன், சலனமே இல்லை. வாயைத் திறந்துகொண்டுதான் மூச்சு விடுகிறான், இரவில் குறட்டை, மழை வெயில் என்று பார்க்காமல் மாதம் தவறாமல் சளி. டிவிக்கு அருகில் போய் நிற்பது, சத்தத்தைக் கூட்டச் சொல்வது, கூப்பிட்டால் திரும்பாதது, பாட்டின் ராகம் வருகிறது ஆனால் சொல் தெளிவில்லை. வீட்டார் அடிமைத்தனத்துக்குச் சொன்ன அறிகுறிகள் அத்தனையும் வேறொரு பக்கம் கை காட்டின.

காது

முதல் முடிவு, திரை விஷயத்தில் எதையும் தொடுவதற்கு முன் கேட்கும் திறனைச் சோதிப்பது. "பிறந்தப்பவே காது டெஸ்ட் பண்ணிட்டாங்க, பாஸ்" என்றார் அப்பா. அந்தச் சோதனை பிறவியிலேயே கேட்புக் குறை உண்டா என்று பார்ப்பது. பிறகு வரும் கோளாறுகளை அது சொல்லாது. பேச்சுத் தாமதம் என்று வரும் எந்தக் குழந்தைக்கும் கேட்டல் பரிசோதனைதான் முதல் படி. டிவி மேல் பழி கிடைத்துவிட்டால் அந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறோம், இது நான் அடிக்கடி பார்ப்பது.

காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்தார். காதுக்குள் சிறிய முனையை வைத்துக் காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து, செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. ஆரோக்கியமான காதில் கோடு மலை போல் எழும். இவனுக்கு இரண்டு காதிலும் படுத்துக் கிடந்தது. நடுக்காதில் நீர். வலி, காய்ச்சல் இல்லாமல் சத்தமின்றித் தங்கிவிடும் வகை, சிறு குழந்தைகளுக்கு மிகச் சாதாரணமாக வருவது. கேட்கும் திறன் லேசாகக் குறைந்திருந்தது. சத்தமே கேட்காமல் இல்லை, தண்ணீருக்குள் தலை வைத்துக் கேட்பது போல் மங்கலாகக் கேட்கும். மென்மையான மெய்யொலிகள் தொலைந்துபோகும், ராகம் மட்டும் மிஞ்சும்.

பெரும்பாலும் 3 மாதத்துக்குள் தானாக வற்றிவிடும், அதுவரை பொறுத்திருந்து மறுபடி பார்க்கலாம் என்றார் மருத்துவர். அதுவரை கிட்டே போய், முகம் பார்த்துப் பேசுங்கள், வீட்டில் பின்னணி இரைச்சலைக் குறையுங்கள் என்றும் சொன்னார். பேச்சுப் பயிற்சியாளரிடமும் அனுப்பினார்.

அப்பாவுக்கு இது பெரிய ஆறுதல், கூடவே ஒரு சறுக்கலும். "அப்ப டிவி பிரச்சினை இல்லையா?" என்றார். இருக்கிறது. காது மங்கலாக இருக்கும் பிள்ளைக்கு டிவி இரைச்சலுக்கு நடுவே ஒரு சொல்லைப் பொறுக்கியெடுப்பது நமக்கு இருப்பதைவிடப் பல மடங்கு சிரமம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நோட்டில் இருந்த ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில், இந்த இடத்தில் திரை வீட்டுக்கு என்ன வேலை செய்துகொடுக்கிறது என்று எழுதினோம். அந்த வேலைக்கு மாற்று ஆள் கிடைக்காத இடத்தில் கை வைப்பதில்லை என்று பேசிக்கொண்டோம்.

முதலில் எடுத்தது, யாரும் பார்க்காத டிவியை. பையனின் கார்ட்டூனை அப்படியே விட்டுவிட்டோம். பிள்ளையிடமிருந்து எதையும் பிடுங்காமல் அதிக லாபம் கிடைக்கும் இடம் இதுதான். 2009இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், குழந்தைகளின் உடையில் ஒலிப்பதிவுக் கருவியைப் பொருத்தி, வீட்டில் பெரியவர்கள் பேசும் சொற்களை எண்ணினார்கள். டிவி சத்தம் கேட்கும் ஒவ்வொரு கூடுதல் மணி நேரத்துக்கும் குழந்தை கேட்கும் பெரியவர்களின் சொற்கள் சுமார் 770 குறைந்திருந்தன. டிவி பேசும்போது நாம் பேசுவதில்லை, அவ்வளவுதான் விஷயம்.

பாட்டி இதற்கு எளிதில் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்ப நான் சுவத்தையே பாத்துட்டு உக்காரணுமாம்மா?" நியாயமான கேள்வி. மகனும் மருமகளும் வேலையில் இருக்க, பகல் முழுக்க அந்த ஹாலில் பேச்சுத் துணையாக இருந்தது டிவிதான், அதனால்தான் அந்தச் 'சும்மா'. அவர் விரும்பிப் பார்ப்பது இரண்டே தொடர்கள் என்று தெரிந்தது. ஒன்றைப் பிள்ளையின் மதியத் தூக்க நேரத்தில் பார்ப்பது, இன்னொன்றை இரவு பிள்ளை உறங்கிய பின் மறு ஒளிபரப்பில். அம்மா மதிய இடைவேளையில் ஹாலுக்கு வந்து அரை மணி நேரம் பாட்டியோடு உட்காருவார் என்றும் முடிவானது. இது பிள்ளை வளர்ப்புக் குறிப்பு எதிலும் இருக்காது, ஆனால் திட்டத்தைத் தாங்கிப் பிடித்தது இந்த அரை மணி நேரம்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, அம்மாவின் அலுவலக அழைப்பு. அங்கே திரையை எடுக்கவில்லை, ஒழுங்குபடுத்தினோம். காலை அழைப்பு நேரத்தில் அரை மணி நேரம், முன்கூட்டியே பதிவிறக்கிய இரண்டு நிகழ்ச்சிகள், மெதுவாக நகரும் கதை உள்ளவை. செல்போனில் இல்லை, டிவியில். காரணம் எளிது: போன் பையன் கையில் இருந்தால் அது அவனுடையது, வாங்குவது என்றால் பிடுங்குவது. டிவி யாருடைய கையிலும் இல்லை, பாட்டியும் பக்கத்தில் உட்கார்ந்து "அந்த நாய் எங்க போச்சு?" என்று கேட்கலாம். ஆட்டோபிளே அணைக்கப்பட்டது. இரண்டாவது கதை முடிந்து திரை நின்றதும் எழுவது, 2 நிமிட எச்சரிக்கை கிடையாது, அடுத்து என்ன என்பது மட்டும் முன்பே சொல்லப்படும்: "இது முடிஞ்சதும் பால்கனிக்குப் போறோம்." மெதுவான நிகழ்ச்சி என்று நான் அழுத்தியதற்கும் காரணம் உண்டு. 2011இல் வெளியான ஆய்வொன்றில், படுவேகமாகக் காட்சி மாறும் கார்ட்டூனை வெறும் 9 நிமிடம் பார்த்த 4 வயதுக் குழந்தைகள், உடனே பிறகு செய்த காத்திருத்தல், விதியைப் பின்பற்றுதல் போன்ற சோதனைகளில் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். அது அந்த நேரத்து விளைவு, நிரந்தரச் சேதம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

மூன்றாவது, சாப்பாடு. இதை வேண்டுமென்றே பின்னால் வைத்தோம், முதல் மாற்றம் நிலைத்த பிறகு. என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெரியவர் முடிவு, எவ்வளவு, சாப்பிடுவதா வேண்டாமா என்பது குழந்தையின் முடிவு. எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் வகுத்த இந்தப் பங்கீட்டைத்தான் வைத்துக்கொண்டோம். பாட்டியின் பட்டினிப் பயத்துக்குப் பதில் எடைக் குறிப்பேட்டில் இருந்தது: முதல் வருடத்தில் பிறந்த எடை மூன்று மடங்காகும், 2 வயதுக்குப் பிறகு வருடத்துக்கு 2 கிலோ கூடினாலே போதும், ஆகவே இந்த வயதில் பசி குறைவது இயல்பு. இவன் எடை சீராகத்தான் ஏறிவந்தது.

தூங்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பு திரை இல்லை, ஹால் விளக்கும் மங்கல். இந்த வயதுக் குழந்தைகளின் கண் வெளிச்சத்துக்கு மிகவும் கூர்மையானது, மாலையில் பளிச்சென்ற ஒளி பட்டால் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பு வெகுவாகக் குறைகிறது. வீடியோ அழைப்பு மட்டும் மறுநாளே திரும்ப வந்தது. எதிர்முனையில் இருப்பவர் பிள்ளைக்குப் பதில் சொல்கிறார் என்பதால் அது வேறு ரகம். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 2016இல் ஒன்றரை வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரை வேண்டாம் என்றபோதுகூட வீடியோ அழைப்புக்கு விலக்கு கொடுத்தது.

தொடர்ந்து நடந்தது

டிவி அணைந்த வீட்டுக்குப் பையன் சுலபமாகப் பழகிவிட்டான். சிரமப்பட்டது பெரியவர்கள். முதல் சில நாள் பாட்டி நடந்துபோகிற வழியில் கை தானாக ரிமோட்டுக்குப் போனதாகச் சொன்னார். பையன் பாட்டியிடம் பொருள்களைக் கொண்டுவந்து காட்டத் தொடங்கினான், அதுவரை அவ்வளவாக இல்லாத பழக்கம். மூடி டப்பா விளையாட்டு நீண்டது. பாட்டியும் ஆட்டத்தில் சேர்ந்தார், உட்கார்ந்த இடத்திலிருந்தே எண்ணிப் போடுவார், அவன் பொறுக்கிவருவான், முழங்காலுக்கு வேலையில்லை.

கார்ட்டூன் நிறுத்தும் அழுகை முதல் வாரம் இருந்தது, பிறகு முணுமுணுப்பாகக் குறைந்தது. அம்மாவின் அழைப்பு நீண்ட நாள்களில் மட்டும் மூன்றாவது கதை ஓடியது. அதை நாங்கள் பெரிதாக்கவில்லை.

சாப்பாடுதான் கடினம். செல்போனை எடுத்த அன்று மதியம் அவன் எதையும் தொடவில்லை. அடுத்த நாள் தட்டைத் தள்ளினான். மூன்றாம் நாள் அழுகை முன்பு எப்போதும் இல்லாத உச்சத்துக்குப் போனது, அரை மணி நேரம் தாக்குப்பிடித்த பாட்டி போனைக் கொடுத்துவிட்டார். அதை மறைக்கவும் இல்லை, நோட்டில் அவரே எழுதிவைத்திருந்தார், பக்கத்தில் 'அழுதான், மனசு கேக்கல' என்று. அணையப்போகும் பழக்கம் அணைவதற்கு முன் ஒருமுறை கொழுந்துவிட்டு எரியும், சரியாக அந்த இடத்தில் விட்டுக்கொடுத்தால் அரை மணி நேரம் அழுதால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறான். இதைப் பாட்டியிடம் விளக்கியபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: அழும்போது நான் என்ன செய்வது? கையில் வேலை இல்லாமல் வேடிக்கை பார்க்க அவரால் முடியாது. அதனால் ஊட்டுவதை நிறுத்தி, பாட்டி தானும் அதே நேரத்தில் தன் தட்டோடு கீழே உட்கார்ந்து சாப்பிடுவது என்று மாற்றினோம். அவனுக்குத் தனித் தட்டு, கையால் எடுக்கும்படி சிறு துண்டுகள், இருபது நிமிடம் கழித்துத் தட்டை எடுத்துவிடுவது, அடுத்த வேளை வரை இடையில் கொறிக்க எதுவும் இல்லை. சிந்தியது நிறைய. உண்டது முதலில் கொஞ்சம். இரண்டு வாரம் கழித்து எடை பார்த்தபோது குறையவில்லை, பாட்டியின் முகம் அப்போதுதான் தெளிந்தது. இன்றைக்கும் அவன் பெரிய சாப்பாட்டுக்காரன் இல்லை, ஆனால் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறான், போதும் என்றால் தலையை ஆட்டுகிறான்.

இடையில் காய்ச்சல் வந்தது. படுத்திருந்த நாள்களில் திரை தாராளமாக ஓடியது, நானும் அப்படியே விடச் சொன்னேன். உடம்பு தேறியதும் பழைய ஒழுங்குக்கு வரச் சில நாள் பிடித்தது, ஆனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கவில்லை.

அப்பா விஷயம் அரைகுறையாகவே நிற்கிறது. இரவு வந்ததும் பையன் ஓடிவருவான், அப்பாவின் ஒரு கை அவனைத் தூக்கும், மறு கையில் போன் இருக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் போனைச் சார்ஜில் போட்டுவிடுவது என்று பேசினோம். வாரத்தில் பாதி நாள் நடக்கிறது.

விளைவு

மூன்று மாதம் கழித்து நடந்த சோதனையில் ஒரு காது தெளிவு. மற்றதில் இன்னும் கொஞ்சம் நீர். இரண்டாவது மாதத்திலிருந்தே இரண்டு சொல் சேர்ந்து வர ஆரம்பித்தது, "பாட்டி வா", "பந்து தா". பாட்டு முனகலில் சில சொற்கள் தெளிந்தன. டிவிக்குப் பக்கத்தில் போய் நிற்பது கிட்டத்தட்ட நின்றுவிட்டது. அது ஒழுங்கால் வந்ததல்ல, கேட்க ஆரம்பித்ததால் வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

'டிவியை நிறுத்தினோம், பேச்சு வந்தது' என்று உறவினர் குழுவில் போட அப்பா தயாராக இருந்தார். போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். காது தெளிந்தது, வீடு அமைதியானது, பாட்டி அதிகம் பேசினார், பயிற்சியாளர் வாராவாரம் வேலை செய்தார், பிள்ளைக்கும் மூன்று மாதம் வயது கூடியது. இவற்றில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இங்கே வழியே இல்லை. அந்தச் செய்தியைப் படிக்கும் இன்னொரு வீட்டில், காதில் நீரோடு இருக்கும் பிள்ளையிடமிருந்து டிவியைப் பிடுங்கிவிட்டுப் பேச்சுக்காகக் காத்திருப்பார்கள்.

அடுத்து இப்படி ஒரு வீடு வந்தால்

முதல் பேச்சே பாட்டியோடு அல்லது பகலில் ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவரோடு. அலுவலக நேரம் முடிந்து வரும் பெற்றோரிடம் மட்டும் பேசி எடுக்கும் முடிவுகள், அமல்படுத்தும் ஆளுக்கு உத்தரவாகத்தான் போய்ச் சேர்கின்றன.

மாற்றத்துக்கு முன்பும் பின்பும் பிள்ளை விளையாடும்போது பத்து நிமிட ஒலிப்பதிவு எடுத்துவைப்பேன். பேச்சு கூடியிருக்கிறது என்பதை எல்லாரும் சொல்கிறோம், எவ்வளவு என்பதற்கு நினைவைத் தவிர ஆதாரமில்லை. சாப்பாட்டில் மூன்று வேளையும் ஒரே நாளில் போனை எடுக்காமல், வீட்டில் ஆள் அதிகம் இருக்கும் இரவுச் சாப்பாட்டிலிருந்து தொடங்குவேன். மதியம் பாட்டி தனியாக அந்த அழுகையோடு உட்கார்ந்திருக்க வேண்டியிருக்காது.

இரண்டாவது காதில் நீர் நிற்கும் பிரச்சினை தொடர்ந்தால் செவிப்பறையில் சிறு குழாய் வைப்பதைப் பற்றிப் பேசலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அடுத்த பரிசோதனை வரை பேச்சுப் பயிற்சியும் பகலில் அணைந்த டிவியும் அப்படியே தொடர்கின்றன. கார்ட்டூன் அரை மணி நேரத்தை ஒரு மணி நேரமாக்கலாமா என்று அம்மா கேட்டிருக்கிறார், அவருடைய வேலை நேரம் மாறியிருக்கிறது. எந்த நேரம், யார் பக்கத்தில் இருப்பார்கள் என்று எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.